அம்மை போட்ட கோதுமை: 2022 அறுவடைக்குப் பின் மால்வா டூரத்துக்கு நடந்தது

2022 மே மாதக் கடைசியில் ‘இன்ஜே அக்தெனிஸ்’ என்ற கப்பல் 56,877 டன் இந்திய டூரம் கோதுமையோடு துருக்கிக்குப் போய், சரக்கை இறக்க அனுமதி கிடைக்காமல் இஸ்கெந்தெருன் துறைமுகத்திலிருந்து திரும்பியது. செய்திகளில் வந்த காரணம் ரூபெல்லா. நம் ஊரில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறோமே, ஜெர்மன் தட்டம்மை, அதேதான். மனிதர்களைத் தவிர வேறு எதற்கும் வராத வைரஸ் அது. கோதுமைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஒரு நாடு கப்பலைத் திருப்பி அனுப்பினால் முதலில் சிரிப்புதான் வரும். வந்தது. ஆனால் அந்தக் கப்பல் அதற்கப்புறம் எகிப்துப் பக்கம் போய், அங்கேயும் உள்ளே விடாமல் நின்றபோது சிரிப்பு போய்விட்டது.

கப்பல் கதை இதன் வால்தான். தலை மத்தியப் பிரதேசத்தில், இந்தூர், உஜ்ஜைன், தேவாஸ், தார் என்று விரியும் மால்வாவின் கரிசல் மண்ணில் இருக்கிறது.

டூரம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு டூரம் மணியையும் சப்பாத்தி மாவுக்குப் போகும் சாதாரண கோதுமை மணி ஒன்றையும் எடுத்து பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சாதாரண மணி சுலபமாக வெட்டுப்படும், உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை தெரியும். டூரம் பிளேடுக்கு மல்லுக்கட்டும், வெட்டிய முகம் கண்ணாடி மாதிரி, கற்கண்டை உடைத்த மாதிரி, லேசான தேன் நிறத்தில் பளபளக்கும். அரைத்தால் மாவாகப் பொடியாமல் ரவையாக உடையும். அந்த மஞ்சள் ரவையைப் பிசைந்து அழுத்தினால் பாஸ்தா, கொதிநீரில் குழையாது. இத்தாலி 1967ல் சட்டமே போட்டது, உலர்ந்த பாஸ்தாவை டூரத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று. வட ஆப்பிரிக்காவில் அதுவே குஸ்குஸ். மால்வாவில் அதுவே தால் பாஃப்லா. மாவுருண்டையை வேகவைத்து, அப்புறம் சுட்டு, நெய்யில் முக்கி, பருப்போடு சாப்பிடுவார்கள்.

(நம்ம ஊர் சம்பா கோதுமையும் இதுவும் ஒன்றா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. சம்பா என்பது எம்மர் வகை, நீலகிரியில் விளைவது. டூரத்துக்கு நெருங்கிய சொந்தம், இரண்டுக்கும் 28 குரோமோசோம். சப்பாத்திக் கோதுமைக்கு 42. சொந்தம்தான், ஆள் வேறு.)

சரி, மால்வா. அங்கே கோதுமை பழுக்கும் மார்ச்சில் பொதுவாக மழை கிடையாது, காற்று காய்ந்து கிடக்கும். அதனால் மணி ஈரமில்லாமல், நிறம் வெளுக்காமல் வீடு வந்து சேரும். கனடாவில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர். மழையும் பனியும் மாறி மாறி வந்து மணியைக் கெடுத்துவிட்டுப் போகிற மாதங்கள் அவை. உலகத்தில் அதிகம் டூரம் ஏற்றுமதி செய்வது கனடாதான், அதில் பெரும்பகுதி சஸ்காச்சுவான் மாகாணத்தின் தெற்குப் பாதியில் விளைகிறது. இந்தூரில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையம் 1951 முதல் இருக்கிறது. பூசா தேஜஸ், பூசா மங்கள், பூசா அன்மோல், போஷண் என்று டூரம் ரகங்களாகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. பூசா தேஜஸ் ஹெக்டேருக்குச் சராசரியாக 57 குவிண்டால் தரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 75 வரைக்கும் போகும். ஆக, விதை குறையில்லை, மண் குறையில்லை, வெயிலும் குறையில்லை.

காலண்டரும் சாதகம். உலகத்தில் பாஸ்தாவும் குஸ்குஸும் தின்கிற நாடுகள் மத்தியதரைக் கடலைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவர்களுடைய சொந்த அறுவடை மே, ஜூனில். கனடாச் சரக்கு அக்டோபருக்கு மேல்தான் வந்து சேரும். மார்ச், ஏப்ரலில் பழைய சரக்கு தீர்ந்து புதுசு வராத ஒரு இடைவெளி விழும், அந்த இடைவெளியில்தான் மால்வாவின் டிராக்டர் டிராலிகள் மண்டிக்கு வருகின்றன. வழக்கமான வருஷங்களில் இந்த இடைவெளிக்குப் பெரிய மதிப்பில்லை, ஏனென்றால் இந்தியாவின் குறைந்தபட்ச ஆதரவு விலையே பெரும்பாலும் உலக விலைக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும், ஏற்றுமதி கட்டுப்படியாகாது. 2022 வழக்கமான வருஷம் இல்லை.

அதற்கு முந்தின கோடையில், 2021ல், கனடாவின் சமவெளியில் வறட்சி. மேற்குக் கடற்கரைப் பக்கம் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி அடித்ததே, அதே கோடை. 2020ல் 65 லட்சம் டன்னுக்கு மேல் விளைந்த கனடா டூரம் 2021ல் பாதிக்கும் கீழே இறங்கியது. பக்கத்தில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் அதே நிலைமை. இத்தாலியில் டூரத்தின் விலையைப் பார்க்க எல்லாரும் ஃபோஜியா என்ற ஊரின் வர்த்தக சபை வெளியிடும் விலையைத்தான் பார்ப்பார்கள். அந்த விலை 2021 கோடையில் டன் 300 யூரோவையொட்டி இருந்தது, குளிர்காலத்துக்குள் 500ஐத் தாண்டியது. பாஸ்தா ஆலைக்காரர்கள் எங்கே சரக்கு கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள்.

இதில் இன்னொரு விஷயம். சாதாரண கோதுமைக்குச் சிகாகோ, பாரிஸ் என்று முன்பேரச் சந்தைகள், அதாவது வரப்போகும் மாதத்துச் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தைகள், இருக்கின்றன. விலை ஏறினாலும் இறங்கினாலும் வியாபாரி அங்கே ஒரு எதிர்ப்பேரம் போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளலாம். டூரத்துக்கு அப்படி உருப்படியான சந்தை ஒன்று அப்போது கிடையாது. வின்னிபெக்கில் 2012 ஜனவரியில் ஒன்று தொடங்கினார்கள், ஆள் வரவில்லை, படுத்துவிட்டது. டூரத்தில் கை வைத்தவன் கையிலிருக்கும் சரக்கோடு நேருக்கு நேர் விலையை எதிர்கொள்ள வேண்டும். ஒரு அறிவிப்பு வந்து வழியை அடைத்தால் தப்பிக்க வேறு சந்து இல்லை.

2022 பிப்ரவரி 24ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. எல்லாக் கோதுமைக்கும் விலை பற்றிக்கொண்டது. குவிண்டாலுக்கு 2015 ரூபாய் என்றிருந்த ஆதரவு விலையை மண்டி விலை தாண்டியது. இந்தூர் மண்டி விலைப்பட்டியலைப் பார்த்திருந்தால் தெரியும், அங்கே வெறும் ‘கோதுமை’ என்று ஒரு வரி இருக்காது. மில் தரம் தனி, லோக்வன் தனி (இரண்டும் சாதாரண கோதுமை), மாளவ்ராஜ் தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. மாளவ்ராஜ் என்றால் டூரம் என்று மண்டியில் மூட்டை தூக்கும் ஹமாலுக்கும் தெரியும். வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்து, சத்தத்திலேயே முடிவு செய்து ஏலத்தில் குரல் கொடுப்பார். இந்த வித்தியாசம் மண்டி வாசல் வரைக்கும்தான். வெளியே லாரியில் ஏறிவிட்டால் எல்லாம் கோதுமை. அரசு கொள்முதல் மையத்திலும் அப்படியே, ஒரே விலை, ஒரே குவியல்.

மாநில அரசு ஏற்றுமதிக் கோதுமைக்கு மண்டி வரியில் சலுகை கொடுத்தது. எகிப்து அதிகாரிகள் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், பஞ்சாப் என்று வயல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏப்ரலில் இந்தியாவைத் தங்கள் கோதுமைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2021-22ல் இந்தியா ஏற்றுமதி செய்த கோதுமை 70 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது, அடுத்த வருஷம் ஒரு கோடி டன் என்று டெல்லி பேசிக்கொண்டிருந்தது. வியாபாரிகள் அதை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தார்கள். நம்பாமல் என்ன செய்வது, சொல்வது அரசாங்கம்.

அதற்குள் வெயில் முந்திக்கொண்டது. 1901ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு சூடான மார்ச் இந்தியா பார்த்ததில்லை. பால் பிடிக்கிற நேரத்தில் அனல் அடித்தால் மணி சூம்பிப்போகும். இதில் அதிகம் அடிபட்டது பஞ்சாபும் ஹரியானாவும். மால்வாவில் விதைப்பும் அறுவடையும் முன்கூட்டியே நடப்பதால் அங்கே பெரும்பாலும் பயிர் தப்பித்துவிட்டது. 11.1 கோடி டன் விளையும் என்று பிப்ரவரியில் சொன்ன மதிப்பீடு மே மாதத்தில் 10.6 கோடிக்கு இறங்கியது. அதைவிடக் கவலை கொள்முதல். முந்தின வருஷம் 433 லட்சம் டன் வாங்கிய அரசுக்கு இந்த முறை கடைசியில் சேர்ந்தது 188 லட்சம் டன்தான், ஏனென்றால் விவசாயி கூடுதல் விலை தந்த தனியாருக்கு விற்றுவிட்டார். ரேஷனுக்கு அரிசியை மாற்றிக் கொடுக்கிற நிலை வந்தது. டெல்லி பயந்ததில் தப்பில்லை, எனக்கு அதில் சண்டையும் இல்லை.

சண்டை, அவர்கள் செய்த விதத்தில். மே 12ஆம் தேதி வர்த்தக அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டது: கோதுமை ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்குக் குழுக்கள் போகப்போகின்றன. அந்தப் பட்டியலில் மொராக்கோ, துனிசியா, அல்ஜீரியா, துருக்கி நாலும் இருந்தன. நாலும் டூரம் தின்கிற நாடுகள்! துருக்கி இத்தாலிக்கு அடுத்து உலகத்துக்கே பாஸ்தா விற்கிற நாடு. மறுநாள், மே 13, இரவில் இன்னொரு அறிவிப்பு: கோதுமை ஏற்றுமதிக்குத் தடை, உடனடியாக.

தடை அறிவிப்பின் வாசகத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதில் அதிகப் புரதமுள்ள டூரம், சாதாரண ரொட்டிக் கோதுமை என்று இரண்டையும் பெயர் சொல்லித் தடை செய்திருந்தார்கள். கவனியுங்கள், மறதியில் டூரமும் சேர்ந்துபோகவில்லை. சுங்கத்தில் டூரத்துக்குத் தனிக் குறியீட்டு எண் இருக்கிறது, 1001 19. அறிவிப்பை எழுதியவருக்கு அது வேறு பொருள் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினார். நாட்டின் மொத்தக் கோதுமையில் டூரம் ஒரு சிறு பங்கு. அதை விட்டிருந்தால் ரேஷன் கிடங்கில் ஓட்டை விழுந்திருக்காது, மால்வா விவசாயி ஃபோஜியா விலையின் ஒரு துண்டையாவது பார்த்திருப்பார்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை, அது வலுவானதும்கூட. டூரத்துக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தால் மறுநாளே லோக்வனும் மில் தரமும் டூரம் என்ற பெயரில் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்துக்கு வந்து நிற்கும். சுங்க அதிகாரி ஒவ்வொரு லாரியிலும் மணியை வெட்டிப் பார்க்க முடியுமா? இந்தப் பயம் கற்பனை இல்லை என்பதற்கு அடுத்த இரண்டு வாரமே சாட்சி. மே 13க்குள் திறந்த, திரும்பப் பெற முடியாத கடன் கடிதம் (சரக்குக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதி) கையில் இருந்தால் மட்டும் அனுப்பலாம் என்று அரசு விதிவிலக்கு கொடுத்தது. உடனே முன்தேதியிட்ட கடிதங்கள் முளைத்தன. மே கடைசியில், ஒவ்வொரு கடிதத்தையும் நேரில் சரிபார்க்க வேண்டும், மோசடி தெரிந்தால் வழக்குப் போடுவோம் என்று வெளிநாட்டு வர்த்தக இயக்ககமே அறிவிக்க வேண்டியதாயிற்று. வங்கித் தாளிலேயே தேதியை மாற்றுகிறவர்கள் சாக்குக்குள் ரகத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்.

ஆனால் அந்த வாதம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்: டூரம் எது என்று சான்று கொடுக்க நம்மிடம் நம்பகமான ஏற்பாடு இல்லை என்பதில். கனடாவில் தானிய ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. முதல் தர டூரம் என்றால் நூற்றுக்கு 80 மணியாவது கண்ணாடித் தன்மையோடு இருக்க வேண்டும், இரண்டாம் தரத்துக்கு 60, மூன்றாவதுக்கு 40. கப்பல் கிளம்பும்போது ஆணையம் கொடுக்கும் சான்றிதழை வாங்குபவன் நம்பிப் பணம் போடுகிறான். இங்கே மண்டி வியாபாரியின் பல்தான் தரச்சான்று. அது நல்ல பல்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அதை இஸ்கெந்தெருனுக்கு அனுப்ப முடியாதே.

தடை வந்த மறுநாள் காண்ட்லாவில் நின்ற காட்சியைச் செய்திப் படங்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துறைமுகத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் லாரிகள், 4000 என்றார்கள், வெயிலில் தார்ப்பாய் போர்த்திய கோதுமை, கீழே நிழலில் சமைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள். பாதி ஏற்றிய கப்பல்கள் அப்படியே நின்றன. எகிப்துக்குப் போக வேண்டிய 61,500 டன் கப்பல் ஒன்றில் 44,340 டன் ஏறியிருந்தது. அதைப் போக விடுங்கள் என்று எகிப்து அரசே கேட்டுக்கொண்டதால் மீதியையும் ஏற்ற அனுமதித்தார்கள். மத்தியப் பிரதேச மண்டி வியாபாரிகள் மே 17, 18 இரண்டு நாள் கடையடைத்தார்கள். பாரிஸ் சந்தையில் கோதுமை 16ஆம் தேதி 435 யூரோவைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. அதே நாளில் இந்திய மண்டிகளில் விலை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே பொருள், அங்கே ஏற்றம், இங்கே இறக்கம், நடுவில் ஒரு தாள்.

ஏப்ரலிலேயே விற்ற விவசாயி தப்பித்தார். இன்னும் ஏறும் என்று சரக்கை வைத்திருந்தவர் மாட்டினார். அதாவது, அரசு சொன்னதை அதிகம் நம்பியவருக்கு அடி அதிகம்.

இப்போது கப்பலுக்கு வருவோம். 56,877 டன். ஒரு டிராலியில் 40 குவிண்டால் என்று வைத்தால்கூட அது 14,000 டிராலிகளுக்கு மேல். அத்தனை வயல், அத்தனை ரகம், ஒரு வயலில் யூரியா சரியாகப் போட்டிருப்பார், அடுத்ததில் குறைத்திருப்பார். தழைச்சத்து குறைந்தால் டூரம் மணியில் கண்ணாடி போய் மாவுப் புள்ளி விழும், வெட்டிப் பார்த்தால் பாதி தேன், பாதி சுண்ணாம்பு. இதையெல்லாம் பிரித்து, கலந்து, ஒரே சீராக்கித் தருவதற்கு அறுவடைக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு வேண்டும். 2022ல் எல்லாரும் அவசரத்தில் ஓடினார்கள்.

ரூபெல்லா என்ற சொல் எப்படி உள்ளே நுழைந்தது என்பதில் ஆளுக்கொரு ஊகம். நோய்ப் பெயர் ஏதாவது மொழிபெயர்ப்பில் மாறியிருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள், எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஏனென்றால் இந்தியக் கோதுமை என்றதும் வெளிநாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் தேடுகிற பெயர் வேறு: கர்னால் கரிப்பூட்டை. 1931ல் ஹரியானாவின் கர்னாலில் கண்டறிந்து ஊர்ப் பெயரையே வைத்த பூஞ்சை நோய். மணியின் ஒரு ஓரம் கருகி மாவாகும், நசுக்கி முகர்ந்தால் அழுகிய மீன் வாடை. சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு நாட்டின் ஏற்றுமதியையே நிறுத்திவிடும். 1996ல் அமெரிக்காவின் அரிசோனாவில் டூரம் விதையில் இது தெரிந்தபோது அங்கே அவசர நிலை அறிவித்து வயல்களுக்குத் தனிமைப்படுத்தல் போட்டார்கள். மால்வாவின் காய்ந்த பருவம் இந்த நோய்க்கு ஒத்துவராது, மத்திய இந்தியாவின் பெரிய பலமே அதுதான். ஆனால் கப்பலில் எழுதியிருப்பது ‘இந்தியா’ என்றுதானே, ‘மால்வா’ என்று இல்லையே. வடக்கின் பூஞ்சைக்குத் தெற்கின் மணி ஜாமீன் கட்ட வேண்டியிருக்கிறது.

சரக்கு இங்கிருந்து கிளம்பும்போது எல்லாப் பரிசோதனையும் முடிந்துதான் போனது என்று இந்தியத் தரப்பு சொன்னது. இருக்கலாம். சரக்கு கைமாறிக் கைமாறித்தான் துருக்கிக்குப் போனது, நடுவில் ஐரோப்பிய வியாபாரிகள். விலை உச்சத்தில் ஒப்பந்தம் போட்டவனுக்கு விலை இறங்கினால் சரக்கில் குறை தெரிய ஆரம்பிக்கும் என்று தானியச் சந்தையில் பழைய பேச்சு ஒன்று உண்டு. இந்தக் கப்பலில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. யாராலும் மறுக்க முடியாத ஒரு சான்றிதழ் கையில் இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் எழவே இடம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

கோதுமைக்குக் கதவடைத்ததும் சரக்கு மாவாகிப் போக ஆரம்பித்தது. அரைத்து அனுப்பத் தடையில்லையே! ஜூலையில் மாவு ஏற்றுமதிக்கு முன் அனுமதி வேண்டும் என்றார்கள், ஆகஸ்ட் கடைசியில் ஆட்டா, மைதா, ரவை எல்லாவற்றுக்கும் தடை. ரவையும் போனதால் டூரத்துக்கு மிச்சமிருந்த ஜன்னலும் சாத்தியாயிற்று. செப்டம்பரில் சஸ்காச்சுவானில் அறுவடை, முந்தின வருஷ வறட்சி நீங்கி விளைச்சல் கிட்டத்தட்ட இருமடங்கு. வட ஆப்பிரிக்காவும் இத்தாலியும் பழைய கடைக்கே திரும்பிவிட்டன. அதற்கடுத்த வருஷம் துருக்கியே டூரம் விற்கிற நாடாக மாறி இத்தாலிக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது, நம் கப்பலைத் திருப்பிய அதே துருக்கி.

அக்டோபர் மாதம், மால்வாவில் சோயா எடுத்துவிட்டுக் கோதுமை விதைக்கிற நேரம். எந்த விதை வாங்குவது, லோக்வனா தேஜஸா என்று கடை வாசலில் பேச்சு நடக்கிற நாட்கள். 18ஆம் தேதி அடுத்த பருவத்துக்கான ஆதரவு விலையை டெல்லி அறிவித்தது, குவிண்டால் 2125 ரூபாய். லோக்வனுக்கு 2125. டூரத்துக்கும் அதே 2125.